சிகரத்துக்கு அடுத்த ஆண்டு: ரன்னிங் பேக் வீரர்களை வரிசைப்படுத்தும் கணக்கு

டல்லாஸில் மென்பொருள் துறையில் பணிபுரியும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: "எங்கள் அலுவலகத்தில் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஆண்டுதோறும் ஃபேன்டசி ஃபுட்பால் ஆடுகிறோம். முந்தைய பருவத்தில் அதிகப் புள்ளி எடுத்த வீரர்களாகவே பார்த்துப் பார்த்து எடுத்தேன். கடைசி இடம்தான் கிடைத்தது. இந்த முறை தேர்வில் எனக்கு எட்டாவது இடம். ரன்னிங் பேக் வீரர்களை எப்படித்தான் வரிசைப்படுத்துவது?" ஃபேன்டசி ஃபுட்பால் என்பது, அமெரிக்கக் கால்பந்தின் நிஜ வீரர்களை ஆளுக்குச் சிலராக முறைவைத்துத் தேர்ந்தெடுத்து, அவர்கள் நிஜ ஆட்டங்களில் ஆடுவதற்கேற்பப் புள்ளி சேர்க்கும் போட்டி. அந்தத் தேர்வில் எட்டாவதாக எடுக்கும் முறை வாசகருடையது. கேள்வி விளையாட்டைப் பற்றியதாகத் தோன்றினாலும் விடை புள்ளியியலில் இருக்கிறது, அதிலும் எனக்கு மிகவும் பிடித்தமான ஒரு மூலையில்.

அமெரிக்கக் கால்பந்தில், தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டு, எதிரணியின் தடுப்பாளர்களுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் புகுந்து ஓடுபவர் ரன்னிங் பேக். அவர் அப்படி ஒரு முறை பந்தோடு ஓடுவதை இக்கட்டுரையில் ஓட்டம் என்று குறிப்பிடுகிறேன். கிரிக்கெட் ஓட்டத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பெரும்பாலான ஃபேன்டசி குழுக்களில் பத்து யார்டு முன்னேறினால் ஒரு புள்ளியும், எல்லைக்கோட்டைத் தாண்டி டச் டவுன் அடித்தால் ஆறு புள்ளிகளும் தருகிறார்கள். ஓக்லாந்து ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக் 1962-இல் சில நண்பர்களோடு உட்கார்ந்து விதிகளை எழுதிய இந்த ஆட்டத்தில், ஒருவர் எடுத்த வீரரை அந்தக் குழுவில் வேறு எவரும் எடுக்க முடியாது. அந்த ஒரு விதியால்தான் வரிசைப்படுத்துவது இவ்வளவு பெரிய வேலையாகிறது.

முதலில் கவனிக்க வேண்டியது, ஒரு வீரர் எடுக்கும் புள்ளிக்கும் அவருடைய மதிப்புக்கும் உள்ள வேறுபாடு. பன்னிரண்டு பேர் ஆடும் குழுவில் ஆளுக்கு ஒரு குவார்ட்டர்பேக் போதும். ரன்னிங் பேக் இருவராவது வேண்டும். ஆக, குவார்ட்டர்பேக்குகளில் பன்னிரண்டாமவரோடும் ரன்னிங் பேக்குகளில் இருபத்துநான்காமவரோடும் ஒப்பிட்டே மதிப்பைக் கணக்கிட வேண்டும். உதாரணத்துக்கு, முதல் குவார்ட்டர்பேக் 380 புள்ளியும் பன்னிரண்டாமவர் 300 புள்ளியும் எடுப்பார்கள், முதல் ரன்னிங் பேக் 330 புள்ளியும் இருபத்துநான்காமவர் 170 புள்ளியும் எடுப்பார்கள் என்று வைத்துக்கொண்டால், 380 எடுப்பவரின் மதிப்பு 80. 330 எடுப்பவரின் மதிப்பு 160. இது பலருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் 330 எடுப்பார் என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்பதில்தான் வாசகர் சறுக்கியிருக்கிறார்.

அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்-இல் சான் டியேகோ சார்ஜர்ஸ் அணிக்காக ஆடிய லாடேனியன் டாம்லின்சனை எடுத்துக்கொள்வோம். 2006 பருவத்தில் அவர் 348 ஓட்டங்களில் 1,815 யார்டு ஓடி, ஓட்டத்தில் மட்டும் 28 டச் டவுன் அடித்தார். பாஸ் பிடித்து அடித்த மூன்றையும் சேர்த்தால் 31, அது புதிய சாதனை. அடுத்த ஆண்டு 315 ஓட்டங்களில் 1,474 யார்டு ஓடினார். ஓட்டத்தில் அடித்த டச் டவுன்கள் 15. இரண்டு பருவங்களிலுமே அதிக யார்டு ஓடியவர் அவர்தான். ஓட்டங்கள் பத்தில் ஒரு பங்கும் யார்டுகள் ஐந்தில் ஒரு பங்கும்தான் குறைந்தன, ஆனால் டச் டவுன்கள் ஏறக்குறையப் பாதியாகிவிட்டன. லீகில் முதலிடத்தில் நின்றுகொண்டே ஒருவர் பாதியாகச் சரிந்தது எப்படி?

ஓர் ஆட்டத்தின் சில நொடிகளை அருகிலிருந்து பார்ப்போம். ரன்னிங் பேக் முப்பது யார்டு ஓடி வருகிறார். எல்லைக்கோட்டுக்கு ஒரு யார்டு இருக்கும்போது தடுப்பாளர் ஒருவர் பாய்ந்து அவருடைய கணுக்காலைப் பிடித்துவிடுகிறார். மூச்சு வாங்க அவர் வெளியே போக, உள்ளே வந்த மாற்று வீரர் அடுத்த ஓட்டத்தில் அந்த ஒரு யார்டைத் தள்ளிக்கொண்டு போய் டச் டவுன் அடிக்கிறார். முப்பது யார்டு ஓடியவருக்கு மூன்று புள்ளி, ஒரு யார்டு ஓடியவருக்கு ஆறு புள்ளிக்கு மேல். அந்தக் கை கணுக்காலைத் தவறவிட்டிருந்தால் கணக்கு அப்படியே மாறியிருக்கும். எத்தனை ஓட்டம் கிடைக்கும் என்பதைப் பயிற்சியாளரின் நம்பிக்கை பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அது ஆண்டுக்கு ஆண்டு அவ்வளவு எளிதில் மாறாது. யார்டுகள் நூற்றுக்கணக்கான ஓட்டங்களில் சிறுகச் சிறுகச் சேர்வதால் அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் பெருமளவு ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. டச் டவுனோ அரிதான நிகழ்வு. அரிதான நிகழ்வுகளின் எண்ணிக்கை, தற்செயலால் மட்டுமே, ஏறக்குறைய அதன் வர்க்கமூலத்தின் அளவுக்கு மேலும் கீழும் ஆடும்: சராசரியாகப் பதினைந்து அடிக்கக்கூடியவர், திறமையில் எந்த மாற்றமும் இல்லாமலே, ஓர் ஆண்டு பதினொன்றும் மறு ஆண்டு பத்தொன்பதும் அடிப்பது இயல்பு.

இனி எனக்குப் பிடித்த இடம். டாம்லின்சன் 2001 முதல் 2005 வரையிலான ஐந்து பருவங்களில் 1,702 ஓட்டங்களில் 72 டச் டவுன் அடித்திருந்தார். அதாவது இருபத்துநான்கு ஓட்டத்துக்கு ஒன்று. 2006-இல் அது பன்னிரண்டு ஓட்டத்துக்கு ஒன்றானது. அந்த உச்சத்தைத் தனியே வைத்துப் பார்க்காமல் முந்தைய ஐந்து ஆண்டுகளோடு சேர்த்துக் கரைத்துவிட்டால், 2,050 ஓட்டங்களில் சரியாக 100 டச் டவுன் வருகிறது. அந்த விகிதத்தில் 315 ஓட்டங்களுக்கு எத்தனை என்று கணக்கிட்டால் 15.4. அவர் 2007-இல் அடித்தது 15. இவ்வளவு துல்லியமாகப் பொருந்தியது தற்செயல்தான், எல்லா வீரர்களுக்கும் இப்படி அமையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் இதை முதன்முறையாகப் போட்டுப் பார்த்த இரவில் நான் எழுந்து போய் இன்னொரு காபி கலந்துகொண்டு வந்தேன்.

28 டச் டவுனும் அதிர்ஷ்டம் என்று சொல்லவில்லை. பதினைந்தை எதிர்பார்க்கும் இடத்தில் இருபத்தெட்டு வருவதற்குத் தற்செயல் மட்டும் போதாது. அவருடைய திறமையும் சார்ஜர்ஸ் அணியின் வலுவும் சேர்ந்தே அதைச் சாதித்தன. ஆனால் ஒரு பருவத்தின் முதலிடத்தை வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது, திறமை உள்ளவர்களில் அவ்வாண்டு அதிர்ஷ்டமும் கூட நின்றவரையே நாம் தேர்ந்தெடுக்கிறோம். திறமை அடுத்த ஆண்டுக்கும் அவரோடு வரும். அதிர்ஷ்டம் வரும் என்று எதிர்பார்ப்பதற்குக் காரணமில்லை.

இதைப் புள்ளியியலில் சராசரியை நோக்கிய பின்னடைவு என்பார்கள். ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1886-இல் 205 பெற்றோர் இணைகளின் உயரத்தையும், வளர்ந்துவிட்ட அவர்களுடைய 928 பிள்ளைகளின் உயரத்தையும் ஆராய்ந்தபோது, மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாகவே இருந்தாலும் பெற்றோர் அளவுக்குச் சராசரியை விட்டு விலகியிருக்கவில்லை என்று கண்டார். இதைத் திருப்பிப் போட்டாலும் உண்மை என்பதுதான் அழகு: மிக உயரமான பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து அவர்களுடைய பெற்றோரை அளந்தால், பெற்றோரே சராசரிக்கு அருகில் இருப்பார்கள். பிள்ளை பெற்றோரைக் குள்ளமாக்க முடியாது அல்லவா? ஆகவே இது எதையோ கீழே இழுக்கும் விசை அல்ல. உச்சத்தை நாம் தேர்ந்தெடுத்ததன் விளைவு மட்டுமே.

இந்தத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் இல்லாததால்தான் சாபக் கதைகள் பிறக்கின்றன. சியாட்டில் சீஹாக்ஸ் அணியின் ஷான் அலெக்சாண்டர் 2005-இல் ஓட்டத்தில் 27 டச் டவுன் அடித்து லீகின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். மேடன் என்ற அமெரிக்கக் கால்பந்து வீடியோ விளையாட்டின் அட்டையில் அவர் படம் வந்தது. 2006-இல் பாதத்தில் எலும்பு முறிந்து ஏழோடு நின்றார். அட்டையில் வந்தவருக்கு ஆகாது என்று அமெரிக்காவில் இன்றும் பேசுகிறார்கள். உச்சத்துக்கு ஓராண்டு முந்தைய 2004-இல் அவர் அடித்தவை 16. படம் வருவதற்கு முன்பே சாபம் வேலை செய்ததா? உச்சத்தில் இருக்கும்போது மட்டும் படம் போட்டால் பிறகு இறக்கம்தான் தெரியும். புது வீட்டு வாசலில் பூசணிக்காய் கட்டுபவர்களை நாம் கேலி செய்கிறோம். புள்ளிவிவர நிபுணர்கள் சூழ அமர்ந்திருக்கும் தொலைக்காட்சி அரங்கிலும் அதே பூசணிக்காய் வேறு வடிவத்தில் தொங்குகிறது.

இந்தக் கணக்கால் பிடிக்க முடியாதவையும் உண்டு. சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அணியின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி 2023-இல் மொத்தம் 21 டச் டவுன் அடித்து, அடுத்த ஆண்டுக்கான பட்டியல்கள் பலவற்றில் முதலிடம் பெற்றார். 2024-இல் காயத்தால் நான்கே ஆட்டங்களில்தான் ஆடினார். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதைத் தாண்டிய ரன்னிங் பேக்கின் உடலும் எந்தச் சராசரிக்கும் கட்டுப்படுவதில்லை. அவர்களுக்கு நான் ஒரு பருவத்தின் பதினேழு ஆட்டங்களையும் எண்ணாமல் பதின்மூன்றோ பதினான்கோ என்று குறைத்தே எண்ணுவேன். இது என் சொந்த வழக்கம், விதியல்ல.

வாசகரின் எட்டாவது இடத்துக்கு வருவோம். தேர்வு பாம்பு போல வளைந்து திரும்புவதால், அதாவது ஒரு சுற்றில் கடைசியாக எடுப்பவர் அடுத்த சுற்றில் முதலில் எடுப்பதால், எட்டாவதாக எடுப்பவருக்கு அடுத்த வாய்ப்பு பதினேழாவதாக வரும். இடையில் எட்டு வீரர்கள் போய்விடுவார்கள். ஆகவே மூன்று பருவ ஓட்டங்களையும் டச் டவுன்களையும் கூட்டிக் கரைத்து, அதிலிருந்து எதிர்பார்க்கும் புள்ளியைக் கணக்கிட்டு, இருபத்துநான்காமவரின் புள்ளியைக் கழித்து, வரும் எண்களை மேலிருந்து கீழாக எழுதிக்கொண்டு, இரண்டு பெயர்களுக்கு நடுவே எங்கே பெரிய பள்ளம் விழுகிறது என்று பாருங்கள். அந்தப் பள்ளத்துக்கு மேலே பத்துப் பேர் இருந்தால் எட்டாவது வாய்ப்பிலேயே ஒருவரை எடுத்துவிட வேண்டும். இருபது பேர் இருந்தால், இடையில் போகும் எட்டுப் பேருமே ரன்னிங் பேக்காக இருந்தாலும் பதினேழில் ஒருவர் உங்களுக்குக் கிடைப்பார், எட்டாவது வாய்ப்பை வேறொருவருக்குச் செலவிடலாம்.