நைலான் நரம்பு புல்ல எப்படி வெட்டுது? அட்டாச்மென்ட் மெஷின் வாங்கப் போறவங்களுக்கு

பொள்ளாச்சி பக்கத்துல இருந்து ஒருத்தர் கேட்டிருந்தார், வீட்டு முன்னாடி மூணு சென்ட் புல்தரை போட்டிருக்கேன், சுத்தி வேலிச்செடி, பின்னாடி கொஞ்சம் தென்னை, ஒரே இன்ஜின்ல புல் வெட்டுற தலை, வேலி டிரிம்மர், மரம் அறுக்குற ரம்பம், மண்ணு கிளர்ற டில்லர்னு எல்லாத்தையும் மாத்தி மாத்தி மாட்டிக்கலாம்னு கடைக்காரர் சொல்றார், 43 சிசி எடுக்கவா 52 சிசி எடுக்கவான்னு. நல்ல கேள்விதான், ஆனா சிசில இருந்து ஆரம்பிச்சா சுத்தி சுத்தி அங்கயே நிப்போம், ஏன்னா ஒவ்வொரு அட்டாச்மென்டும் இன்ஜின் கிட்ட வேற வேற விஷயம் கேக்குது. ஒண்ணுக்கு வேகம் வேணும், இன்னொண்ணுக்கு முறுக்கு (டார்க், அதாவது திருப்புற பலம்) வேணும், அது ரெண்டையும் பிரிச்சுக் குடுக்குறது இன்ஜின்ல இருந்து கீழ எறங்குற நீளக் குழாயோட முனையில இருக்குற கியர் டப்பா. அதனால கீழ இருந்து மேல போவோம்.

இன்ஜின் பத்தி வேகமா சொல்லிடறேன். பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக், ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவ பத்தும், அதுக்கு வால்வு கிடையாது, எடை கம்மி. ஐட்லிங்ல 3000 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 3000 சுத்து) வாக்குல ஓடும், அப்ப கீழ தலை சுத்தாது, ஏன்னா நடுவுல சென்ட்ரிஃபியூகல் கிளட்ச் இருக்கு, வேகம் கூடக் கூட அதோட ரெண்டு ஷூவும் ஸ்பிரிங்க இழுத்துக்கிட்டு வெளிய விரிஞ்சு டிரம்ம புடிக்கும், அதுக்கப்புறம்தான் அலுமினியக் குழாய்க்குள்ள இருக்குற ஷாஃப்ட் சுத்த ஆரம்பிக்கும். அட்டாச்மென்ட் மெஷின்ல இந்தக் குழாய் பாதில பிரியும், கீழ்ப் பாதிய கழட்டி வேற பாதிய மாட்டிக்கலாம். அவ்ளோதான் மெஷின்.

இப்ப எனக்குப் பிடிச்ச எடத்துக்கு வரேன். கீழ ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு இருக்கே அந்த நைலான் நரம்பு, நிறுத்தி வச்சிருக்கும்போது விரல்ல சுருட்டலாம், குழந்தை கூட வளைக்கும். அது எப்படி பார்த்தீனியத்த தரையோட சீவுது?

இத மொதல்ல யோசிச்சவர் அமெரிக்காவுல ஹூஸ்டன்ல இருந்த ஜார்ஜ் பாலஸ், 1971ல. கார் கழுவுற எடத்துல பெரிய பிரஷ்ஷுங்க சுத்தும்போது அதோட நார் எல்லாம் வெரப்பா நீட்டிக்கிட்டு நிக்கிறதப் பாத்துட்டு, ஒரு தகர டப்பாவுல ஓட்டை போட்டு மீன் தூண்டில் நரம்ப கோத்து சுத்த விட்டுப் பாத்தார். வேலை செஞ்சது. மரத்தச் சுத்தி இருக்குற புல்ல கத்தி இல்லாம வெட்டணும்னுதான் அவரோட கவலையே.

ஏன் வெரைக்குதுன்னு கணக்கு போட்டுப் பாப்போம், பத்தாம் கிளாஸ் கணக்குதான். தலை 7000 ஆர்பிஎம்ல சுத்துது, நடுவுல இருந்து நரம்பு நுனி வரைக்கும் 20 செ.மீ.னு வைங்க. நுனியோட வேகம் நொடிக்கு கிட்டத்தட்ட 147 மீட்டர், அதாவது மணிக்கு 525 கிலோமீட்டருக்கு மேல. அந்த வேகத்துல போற நுனிய நேர்கோட்டுல போக விடாம வட்டத்துலயே இழுத்து வைக்கணும்னா அதுக்கு வேண்டிய முடுக்கம் புவியீர்ப்பு மாதிரி 11,000 மடங்கு. தலைக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்குற 2.4 மி.மீ. நரம்பு ஒரு 15 செ.மீ. இருந்தா அதோட எடை முக்கால் கிராம் தான் வரும். ஆனா சுத்தும்போது அந்த முக்கால் கிராம் நரம்பு தன்னோட வேர்ல இழுக்குற இழுப்பு அஞ்சு கிலோவுக்கு மேல! அஞ்சு கிலோ எடைய தொங்கவிட்ட நரம்பு எப்படி தெறிச்சு நிக்குமோ அந்த வெரப்புலதான் அது சுத்திக்கிட்டு இருக்கு, அந்த எடையும் அதுவேதான்.

சரி, வெரப்பா இருக்கு, ஆனா கூர் இல்லையே. இங்கதான் எனக்கு ரொம்ப சந்தோஷம். கருக்கருவாள வச்சு புல் அறுக்குறவங்கள கவனிச்சா தெரியும், எடது கையால புல்லுக் கத்தைய இறுக்கிப் புடிச்சுக்குவாங்க, வலது கையில அருவா வரும். எடது கை இல்லன்னா புல் சாஞ்சுடும், அறுபடாது. கத்தரிக்கோல்ல அந்த எடது கை வேலைய ரெண்டாவது அலகு செய்யுது. நம்ம நரம்புக்கு எடது கையும் இல்ல, ரெண்டாவது அலகும் இல்ல. 2 மி.மீ. தடிமனுள்ள தண்ட அந்த நுனி தாண்டிப் போறதுக்கு ஆகுற நேரம் ஒரு நொடிய எழுபதாயிரமா பிரிச்சா அதுல ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள்ள புல் சாயணும்னா தண்டு நகரணும், நகரணும்னா அதுக்கும் ஒரு நிறை இருக்கு, அது அசையறதுக்கே நேரம் கேக்குது. சாயறதுக்குள்ள அறுந்துடுது. அதாவது புல்ல புடிச்சுக் குடுக்குற எடது கை, புல்லோட சொந்த நிலைமம்தான். நியூட்டனோட மொதல் விதிய பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினவங்க யாராச்சும் அத இப்படி வேலிக்கரையில பாத்திருப்பாங்களான்னு தெரியல.

இதுல இருந்தே ரெண்டு விஷயம் புரியும். ஆக்சிலேட்டர பாதி அழுத்தி வெட்டினா புல் அறுபடாம சாஞ்சு சாஞ்சு தலையில சுத்திக்கும், வேகம் கொறைஞ்சா எடது கை போயிடுது. இன்னொண்ணு, நரம்பு கனமான மரத்துல பட்டா அது வளைஞ்சு விலகிடும், மரம் அறுபடாது, ஆனா பட்டை கிழியும். இளஞ்செடில பட்டைய சுத்தி ஒரு வளையம் கிழிஞ்சா இலையில செஞ்ச சாப்பாடு வேருக்கு எறங்க வழி இல்லாம செடி மெதுவா சாகும். மாங்கன்னு, கொய்யாக் கன்னெல்லாம் காரணமே தெரியாம காயுறதுக்கு, திருஷ்டின்னு பூசணிக்காய் ஒடைக்கிறதுக்கு முன்னாடி, அடியில குனிஞ்சு ஒரு தடவ பாத்துடுங்க.

நரம்பு சம்பந்தமா இன்னும் ஒண்ணு. வெயில் காலத்துல தகரக் கொட்டகையில கெடந்த நரம்பு படக்கு படக்குன்னு ஒடையும், கடைக்காரன் ஏமாத்திட்டான்னு தோணும். நைலானோட நீள மூலக்கூறுங்க பக்கத்துப் பக்கத்துல ஹைட்ரஜன் பிணைப்பால ஒண்ண ஒண்ணு புடிச்சுக்கிட்டு இருக்கு. தண்ணி உள்ள போனா அந்தப் புடியில நடுவுல புகுந்து கொஞ்சம் தளத்தி விடும், அப்ப சங்கிலிங்க நழுவி நகர முடியும், அடி வாங்கினா ஒடையாம வளையும். ஈரம் காஞ்சு போனா இந்த நழுவல் போயிடும், மொறுமொறுன்னு ஆயிடும். அதனால ராத்திரி பூரா நரம்ப தண்ணில ஊறப் போட்டுட்டு காலைல மாட்டுங்க, நெஜமாவே வித்தியாசம் தெரியும். பிளாஸ்டிக்க தண்ணில ஊற வைக்கச் சொன்னா சிரிப்பாங்க, ஆனா பாலிதீன், பாலிப்ரொப்பிலீன் மாதிரி இல்ல, நைலான் தண்ணி குடிக்கிற ஜாதி.

அடுத்து நம்ம ஊர்ல பரவலா நடக்குற ஒரு காரியம், நரம்புத் தலைக்கு மேல இருக்குற பிளாஸ்டிக் கார்டு, அதாவது பாதுகாப்பு மூடி, எடஞ்சலா இருக்குன்னு கழட்டி வீசிட்டு நரம்ப நீளமா விட்டு ஓட்டறது. கார்டோட ஓரத்துல ஒரு குட்டி பிளேடு இருக்கும், நரம்பு நீளத்த அதுதான் வெட்டி அளவா வைக்குது. நீளம் கூடினா என்ன ஆகும்? நரம்புல ஒரு புள்ளியோட வேகம் நடுவுல இருந்து அது எவ்ளோ தூரமோ அந்தக் கணக்குல கூடும். காத்தோட தடை வேகத்தோட வர்க்கத்துல கூடும், அதுக்கு செலவாகுற பவர் வேகத்தோட மூணாவது அடுக்குல கூடும், அத நரம்பு நீளம் பூரா கூட்டினா ஆரத்தோட நாலாவது அடுக்கு வந்துடும். 20 செ.மீ. இருந்தத 25 ஆக்கினா காத்த அடிக்கிறதுக்கே கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு பவர் வேணும். தோராயமா கணக்கு போட்டா 20 செ.மீ.லயே ரெண்டு நரம்புக்கும் சேத்து சில நூறு வாட் வருது, புல்ல தொடறதுக்கு முன்னாடியே. 43 சிசி இன்ஜின் பெட்டியில 1.25 கிலோவாட்னு போட்டிருக்கும், அதுல பெரிய பங்கு காத்துல போகுது. நீளமா விட்டா இன்ஜின் மூச்சு வாங்கும், ஆர்பிஎம் எறங்கும், கிளட்ச் பாதி புடிச்சும் புடிக்காமலும் வழுக்கி சூடாகி ஷூ தேஞ்சு போகும், அப்புறம் 52 சிசி வாங்கியிருக்கணும்னு பொலம்பல்.

நரம்பு அடிக்கடி அறுதுன்னு கட்டுக்கம்பி, சைக்கிள் செயின் மாட்றவங்களும் இருக்காங்க. தயவு செஞ்சு வேண்டாம். கம்பி திரும்பத் திரும்ப வளைஞ்சு அசதியில ஒடையும், ஒடைஞ்ச துண்டுக்கு அந்த நூத்தி நாப்பது சொச்சம் மீட்டர் வேகம் அப்படியே இருக்கும். பிரிட்டன்ல 2010ல இப்படி செயின் மாட்டின தலையில இருந்து கண்ணி ஒண்ணு தெறிச்சு ஒரு உயிரே போச்சு, 2012ல ஐரோப்பிய யூனியன் அந்த மாதிரி இரும்புக் கண்ணித் தலைகள விக்கவே கூடாதுன்னு நிறுத்திடுச்சு. நரம்பே கல்லத் தெறிக்க விடும், அதனாலதான் 15 மீட்டருக்குள்ள யாரும் நிக்கக் கூடாதுன்னு மேனுவல்ல போட்டிருக்கும், கண்ணாடி போடாம ஓட்டாதீங்க.

இனி மத்த தலைங்க. டில்லர எடுத்துக்குங்க. இன்ஜின் 7000ல ஓடும்போது ஷாஃப்ட்ல வர்ற முறுக்கு ஒண்ணே முக்கால் நியூட்டன் மீட்டர் கூட இல்ல, 17 செ.மீ. ஸ்பேனர் நுனியில ஒரு கிலோ தொங்கவிட்ட அளவு, இத வச்சு மண்ணுல ஒரு கோடு கூட கிழிக்க முடியாது. அதனால டில்லர் தலையில வார்ம் கியர் (திருகு மாதிரி ஒண்ணு பல்சக்கரத்த மெதுவா சுத்துற அமைப்பு) வச்சு வேகத்த முப்பது மடங்குக்கு மேல கொறைச்சு 200 ஆர்பிஎம் பக்கம் கொண்டு வராங்க, உரசல்ல போனது போக முறுக்கு இருபது மடங்காச்சும் கூடும். முறுக்கு கெடைச்சாச்சு, ஆனா எடை? மெஷின் மொத்தமே பத்து கிலோ சொச்சம்தான். காஞ்சு கெட்டியான மண்ணுல பல்லு உள்ள எறங்காது, மேல ஏறி குதிக்கும், ஓட்டறவர் தோள்பட்டைதான் டில்லர் ஆகும். ஏற்கனவே பொலபொலன்னு இருக்குற பாத்திய கிளர்றதுக்கு மட்டும் ஓகே. அதுலயும் கோரை இருக்குற எடத்துல ஓட்டவே ஓட்டாதீங்க, கெழங்கு சங்கிலியெல்லாம் துண்டாகி ஒவ்வொண்ணும் தனித்தனியா மொளைக்கும், ஒரு கோரை இருந்த எடத்துல ஒரு கூட்டம் நிக்கும்.

வேலி டிரிம்மர் தலை நல்ல பொருள், சுத்தறத கிராங்க் வச்சு முன்னப் பின்ன ஆட்டமா மாத்துது, ரெண்டு அலகு இருக்கு, கத்தரிக்கோல் வேலை, பவரும் கம்மியாத்தான் கேக்கும். ரம்பத் தலை முருங்கை, வேம்பு கிளைக்கெல்லாம் சரி, தென்னைக்கு நான் சொல்ல மாட்டேன். மட்டையோட நார் செயின்ல சுத்திக்கும், ஒசந்த மரத்துக்கு எட்டாது, எட்டுற மரத்துல மட்டை நேரா தலைக்கு மேலயே விழும், அலுமினியக் குழாய் கரண்டு கம்பில பட்டா கதையே முடிஞ்சுது.

ஆயில் விஷயத்துல ஒரு நம்பிக்கை இருக்கு பாருங்க, பெட்ரோல்ல ஆயில் கூட ஊத்தினா இன்ஜின் கூட நாள் ஒழைக்கும்னு. நல்ல டூ டி ஆயில்னா லிட்டருக்கு 20 மில்லி, சாதா ஆயில்னா 40 மில்லி, மேனுவல்ல எது இருக்கோ அது. அதுக்கு மேல ஊத்தினா அதே அளவு கலவைல பெட்ரோல் பங்கு கொறையும், அதாவது கலவை லீன் ஆகி (காத்துக்கு பெட்ரோல் பத்தாம) இன்ஜின் கூட சூடாகும், கரி வேற படியும். ஆயுத பூஜைக்கு மெஷினுக்கு பொட்டு வைங்க, நானும் வைப்பேன், ஆனா ஏர் ஃபில்டர்லயும் கூலிங் ஃபின்லயும் சந்தனத்த அப்பி வைக்காதீங்க.

டூ ஸ்ட்ரோக்கோட பெரிய கொறை, புதுக் கலவை உள்ள வரும்போதே கொஞ்சம் எரியாமலே சைலன்சர் வழியா போயிடும், நாலுல ஒரு பங்கு வரைக்கும் கூட. அதனாலதான் கலிஃபோர்னியாவுல 2024 மாடல்ல இருந்து இந்த மாதிரி சின்ன பெட்ரோல் மெஷின் பெரும்பாலானத புதுசா விக்க விடறதில்ல. இங்க மானியம் குடுத்து மெஷின் வாங்க வைக்கிறோம், நல்லதுதான், ஆனா அந்தக் காசுல ஒரு சின்னப் பங்க கோயம்புத்தூர் மாதிரி மோட்டாரும் பம்ப்பும் செஞ்சு பழகின ஊர்ல, நம்ம மண்ணுக்கும் நம்ம வெயிலுக்கும் பேட்டரி மெஷின் செய்யற ஆராய்ச்சிக்குப் போட்டா என்னங்க? வாங்கறதுக்கு மட்டும் பணம், செய்யறதுக்கு இல்லைங்கறது எனக்கு ரொம்ப நாளா இருக்குற ஆதங்கம்.

நண்பருக்கு பதில். மூணு சென்ட் புல்தரைக்கு இந்த மெஷின் ஓரம் வெட்டத்தான், நடுவுல வெட்ட இல்ல. நரம்பு புல்ல அடிச்சு அறுக்குது, நுனி நார் நாரா கிழிஞ்சு ரெண்டு நாள்ல பழுப்பாகும், கொரியன் புல், அருகம்புல் மாதிரி நைஸ் புல்லுக்கு கையில தள்ற உருளை மோவர், அதுல கத்தரிக்கோல் மாதிரி ரெண்டு அலகு சேந்து வெட்டும், பெட்ரோலும் வேண்டாம். ஓரத்துக்கும் வேலிக்கும் மட்டும்னா 36 வோல்ட் 4 ஆம்பியர் ஹவர் பேட்டரியில 144 வாட் ஹவர் இருக்கு, 500 வாட் இழுத்தாலும் பதினேழு நிமிஷம், உங்க எடத்துக்கு அது போதும். தென்னைக்கு அடியில காடு மாதிரி களை இருக்குன்னா பெட்ரோல் எடுங்க, 35 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் கெடைச்சா ஆயில் கலக்குற தொல்லையும் இல்ல. இரும்பு பிளேடு போட்டா எடது பக்கத்தால வெட்டுங்க, முன்னாடி வலது மூலையில மரம் பட்டா மெஷினையே தூக்கி வீசும். டில்லரும் ரம்பமும் வாங்காதீங்க. பின்னாடி தேவைன்னு தோணினா அப்ப வாங்கிக்கலாம், அதுக்கு இப்பவே ஒண்ணு பாத்து வச்சுக்குங்க, குழாய் 26 மி.மீ.யா 28 மி.மீ.யா, ஷாஃப்ட் முனையில பல்லு ஏழா ஒம்பதா, இது ரெண்டும் ஒத்து வரலன்னா வேற கம்பெனி தலை எதுவும் அதுல மாட்டாது.