அனக்ரோனிசம்: காலமுரணா, காலவழுவா?

ஒரு காலத்துக்கு உரிய பொருளையோ பெயரையோ கருத்தையோ அதற்கு உரியதல்லாத வேறொரு காலத்தில் கொண்டுபோய் வைப்பதுதான் அனக்ரோனிசம். கிரேக்கத்தில் ‘அனா’ என்றால் எதிராக, ‘க்ரோனோஸ்’ என்றால் காலம். ராஜராஜனின் அரண்மனைச் சமையலில் மிளகாய் மணந்ததாக எழுதினால் அது அனக்ரோனிசம், ஏனென்றால் மிளகாய் அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் வழியாகத்தான் இங்கே வந்தது. இது எல்லோர் கண்ணிலும் பட்டுவிடும்.

வரலாற்று ஆய்வுக் கட்டுரையில் நடையைக் கெடுப்பது பெரும்பாலும் சொல்லில் ஒளிந்திருக்கும் முரண். ‘1937இல் தமிழ்நாடு அரசு’ என்று எழுதுகிறார்கள். அன்று இருந்தது சென்னை மாகாணம், தமிழ்நாடு என்ற பெயர் 1969இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதேபோல 1806 வேலூர்க் கிளர்ச்சியை ‘பிரிட்டிஷ் அரசின் இராணுவத்தில்’ நடந்ததாக எழுதினால் கிழக்கிந்தியக் கம்பெனி காணாமல் போய்விடும். கம்பெனியிடமிருந்து ஆட்சி பிரிட்டிஷ் அரசின் கைக்குப் போனதே 1858இல்.

இவற்றைவிட ஆழமானது உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றி எழுதும்போது வரும் முரண். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளை (919, 921) வைத்து ‘சோழர்கால ஜனநாயகத் தேர்தல்’ என்று தலைப்புப் போடுவது நம்மிடம் ரொம்பப் பரவியிருக்கிறது. கல்வெட்டைப் படித்தால் அது பிராமணர் சபை, அதன் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) ஆள் எடுக்கும் முறைதான் அதில் இருக்கிறது. கால் வேலிக்கு (வேலி பழைய நில அளவு) மேல் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது, வேதப் பயிற்சி என்றெல்லாம் தகுதி கேட்கிறது, யாரும் யாருக்கும் வாக்களிக்கவில்லை, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொல்கிறார்கள். ‘ஜனநாயகம்’ என்று எழுதிய உடனே இந்த நுட்பம் எல்லாம் வாசகர் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது, எனக்கு அதுதான் பெரிய வருத்தம். ‘குடவோலை முறை’, ‘வாரியத்துக்கு ஆள் தேர்வு’ என்று எழுதினால் வாக்கியமும் இறுகும், செய்தியும் சரியாக இருக்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? சிலர் ‘காலவழு’ என்கிறார்கள். அது ஏற்கனவே இலக்கணத்துக்குச் சொந்தமான சொல்: நன்னூல் எண்ணும் ஏழு வழுக்களில் (இலக்கணப் பிழைகளில்) காலமும் ஒன்று, ‘நேற்று வருவான்’ என்பது அதற்கு எடுத்துக்காட்டு. இரண்டும் குழம்பக் கூடாது என்பதால் ‘காலமுரண்’ என்பதே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

அப்புறம், பிற்காலப் பெயரைப் பயன்படுத்தவே கூடாது என்பதில்லை. ‘இன்றைய தமிழ்நாட்டுப் பகுதி’ என்று முதல் இடத்தில் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டால் போதும்.