மனக் கண்காணிப்பா, குறிப்பறிதலா?

செல்பேசியில் சேரும் தரவைக் கொண்டு ஒருவரின் அன்றாட நடத்தையை அளப்பதற்கு ‘டிஜிட்டல் பீனோடைப்பிங்’ என்று பெயர். அதை ‘மனக் கண்காணிப்பு’ என்று எழுதும் வழக்கம் பரவிவருகிறது. அதில் மனமும் பிழை, கண்காணிப்பும் பிழை.

பீனோடைப் என்பது, ஓர் உயிரியிடம் வெளியே தெரியும் பண்புகளைக் குறிக்க டென்மார்க் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோகான்சன் 1909இல் வழங்கிய சொல். வேர் கிரேக்கம், வெளியே தெரிவது என்று பொருள். தமிழகப் பாடநூல்களில் ‘புறத்தோற்றம்’, இலங்கையில் ‘தோற்றவமைப்பு’. பட்டாணிச் செடியின் உயரம் போன்ற பண்புக்கு இவை போதும். மனிதரின் நடத்தையை அளப்பதற்கு இவை பொருந்தா.

அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் 2013இல் 48 மாணவர்களின் செல்பேசிகளில் 10 வாரம் ஒரு செயலி ஓடியது. அருகில் உரையாடல் நடக்கிறதா என்பதை மைக் வழியே அறிந்தது. என்ன பேசினார்கள் என்பதைப் பதியவில்லை. வெளிச்சம், ஓசை, அசைவு, திரை பூட்டிக் கிடந்த நேரம் ஆகியவற்றிலிருந்து தூக்கத்தைக் கணித்தது. தூக்கமும் உரையாடலும் குறைந்தவர்களிடம் மனச்சோர்வு மதிப்பெண் கூடுதலாக இருக்கும் போக்கு தென்பட்டது. இதில் மனத்தை எங்கே அளந்தார்கள்? நடத்தையை அளந்தார்கள், மனநிலையை மாணவர்களே வினாத்தாளில் சொன்னார்கள்.

கண்காணிப்பு இன்னும் மோசம். தேயிலைத் தோட்டத்துக் கங்காணி இந்தச் சொல்லிலிருந்து வந்தவர்தான். மேலே நிற்பவர் கீழே இருப்பவரை அவர் சம்மதம் கேளாமல் பார்ப்பது என்ற நிழல் அதன்மேல் இன்றும் விழுகிறது. ‘உங்கள் மனத்தைக் கண்காணிக்கப் போகிறோம்’ என்ற ஒப்புதல் படிவத்தில் எந்த நோயாளி கையெழுத்திடுவார்? கேட்காமலே தரவை உறிஞ்சும் செயலிகள் உண்டு. அவற்றுக்கு இந்தச் சொல்லை வைத்துக்கொள்ளலாம்.

நம்மிடம் ‘குறிப்பறிதல்’ இருக்கிறது. திருக்குறளில் 71ஆம் அதிகாரத்துக்கும் 110ஆம் அதிகாரத்துக்கும் அதுவே பெயர். வாய்திறந்து சொல்லாததை வெளியே தெரியும் அடையாளங்களால் அறிவது. தவறாகவும் அறியக்கூடும் என்ற அடக்கமும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. மருத்துவத்துக்கு அது மிகவும் வேண்டும்.

சென்சாரை ‘உணர்வி’ என்று எழுதுவோரிடமும் ஒரு வேண்டுகோள். ‘உணர்விகள் மனநிலையைக் கண்டறிந்தன’ என்று படிப்பவர், செல்பேசிக்குச் சோகம் புரிகிறது என்றே நினைப்பார். செல்பேசிக்குள் இருக்கும் முடுக்கமானி என்ற சென்சாருக்குத் தெரிந்தது அசைவு மட்டும். பழகிய ‘உணரி’ இருக்க, குழப்புவானேன்? மொழிபெயர்ப்பவர்கள் மூல ஆய்வுக் கட்டுரையில் கருவி எதைப் பதிகிறது என்ற பத்தியைப் படிக்காமலே பெயர் சூட்டுவதால் வரும் வினை இது.

எனவே, டிஜிட்டலுக்கு ‘எண்ணிம’ என்று வைத்து, எண்ணிமக் குறிப்பறிதல். ‘எண்ணிம’ பிடிக்காதவர்கள் கருவிவழிக் குறிப்பறிதல் என்று எழுதட்டும். கண்காணிப்பை விட்டால் போதும்.