கிராஃபிட்டி: கீறலா, கிறுக்கலா, எழுத்தா?

இத்தாலியின் புளோரன்ஸில் குடியிருந்தபோது என்னை அதிகம் சிரிக்க வைத்தவை 'நுழையாதே' பலகைகள்தான். சிவப்பு வட்டத்தின் நடுவே வெள்ளைப் பட்டை ஒன்று இருக்குமே, அதைக் கரிய உருவம் ஒன்று தூக்கிக்கொண்டு போகும். கிளெட் ஆப்ரஹாம் என்ற பிரெஞ்சுக் கலைஞர் ஒட்டும் ஸ்டிக்கர் அது. வேறு சில சந்துகளில், மீட்டர் பெட்டிக் கதவுகளில் கவிஞர் தாந்தேயும் மோனா லிசாவும் முக்குளிப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நீல நீருக்குள் இருப்பார்கள். 'புளுப்' என்ற புனைபெயர்க்காரரின் கைவேலை. 'கலைக்கு நீந்தத் தெரியும்' என்பது அந்த வரிசையின் பெயர். 1966இல் ஆர்னோ ஆறு ஊருக்குள் புகுந்து ஓவியங்களையும் ஏடுகளையும் நாசமாக்கிய நகரத்தில் இப்படி ஒரு பெயர்!

இதையெல்லாம் ஃபோனில் சொல்லி, 'கிராஃபிட்டி' என்றேன். "அதுக்குத் தமிழில் என்னப்பா?" என்று கேட்டார் சித்தப்பா.

இத்தாலியில் 'கிராஃபித்தோ' என்றால் கீறல். அதன் பன்மைதான் கிராஃபிட்டி. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரமான பொம்பேயின் சுவர்க் கீறல்களைப் பற்றி எழுதப்போய், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்தது. அந்தச் சுவர்களில் ஒருவன் கீறி வைத்திருக்கிறான்: சுவரே, இத்தனை பேரின் சலிப்பூட்டும் கிறுக்கலைச் சுமந்தும் நீ இடிந்து விழாததுதான் எனக்கு ஆச்சரியம். அவனும் அதே சுவரில்தான் எழுதினான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சரி, தமிழுக்கு வருவோம். கீழடி பானை ஓட்டுக் குறிகளுக்கு 'கீறல்' பொருத்தம். அவை உண்மையிலேயே கீறியவை. பெயிண்ட் ஸ்ப்ரேக்கு அது ஒட்டாது. 'கிறுக்கல்' என்றால் திட்டுவது போல இருக்கிறது. 'சுவரோவியம்' என்றதும் சித்தன்னவாசல்தான் நினைவுக்கு வரும்.

எனக்குப் பிடித்தது 'சுவரெழுத்து'. காரணம், 'எழுது' என்ற வினை. கிராஃபிட்டிக்கு மூலமான கிரேக்க 'கிராஃபெய்ன்' கீறுவதையும் எழுதுவதையும் வரைவதையும் குறித்தது போல, நம் 'எழுது'வும் எழுத்துக்கும் ஓவியத்துக்கும் பொது. கண்ணுக்கு மை எழுதுகிறோம் அல்லவா? பரிபாடலில் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தின் பெயரே 'எழுத்துநிலை மண்டபம்'. அங்கே வந்தவர்கள் சுவரைக் காட்டி, பூனை வடிவில் இருப்பவன் இந்திரன், இவள் அகலிகை என்று பேசிக்கொள்கிறார்கள். இந்திரனைப் பூனையாக எழுதியவனுக்கும் கண்ணாடி மாட்டிய மோனா லிசா பிடித்திருக்கும்.

கிளெட்டின் பலகைகள் சுவரில் இல்லை என்பது உண்மைதான். அவற்றுக்கு 'தெருவோவியம்' போதும்.

அப்புறம் சித்தப்பாவுக்கு ஃபோன் போட்டு, "சுவரெழுத்து" என்றேன்.

"எந்தக் கட்சிக்கு?" என்றார்.