மேம்பாலச் சந்திப்பும் அதைச் சுற்றியுள்ள நிலமும்

இரண்டு சாலைகள் வெவ்வேறு தளங்களில் ஒன்றையொன்று கடந்து, வளைந்த இணைப்புத் தடங்களால் தொடுக்கப்படும் இடமே மேம்பாலச் சந்திப்பு. இருவழிச் சாலைகள் ஒரே தளத்தில் கூடும் சாதாரண நாற்சந்தியில் வாகனப் பாதைகள் மோதக்கூடிய புள்ளிகள் 32 உள்ளன. அவற்றுள் குறுக்கே வெட்டிச் செல்லும் ஆபத்தான புள்ளிகளைப் பெருமளவு நீக்குவதுதான் பாலத்தின் வேலை. பாலம் கட்டுவதைவிடக் கடினமானது, இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து அங்கே எத்தனை வண்டிகள் வரும் என்று இன்றே கணிப்பது.

பொதுவாக ஒரு சந்திப்பு, திறப்பு நாளின் போக்குவரத்துக்காக அல்லாமல், சுமார் 20 ஆண்டுகளுக்குப் பிந்தைய உச்ச நேரப் போக்குவரத்துக்காகவே வடிவமைக்கப்படுகிறது. ஆண்டு வளர்ச்சி 3.5 சதவீதம் என்றால் அதற்குள் போக்குவரத்து இரு மடங்காகும். 5 சதவீதம் என்றால் 2.65 மடங்கு. இந்த வளர்ச்சி வீதம் சுற்றியுள்ள நிலத்திலிருந்தே பிறக்கிறது. எத்தனை வீடுகள், எவ்வளவு கடைப் பரப்பு, எத்தனை கிடங்குகள் வரும் என்று பகுதி பகுதியாகக் கணக்கிட்டு, அவை உண்டாக்கும் பயணங்களைக் கூட்டுகிறார்கள். ஆனால் சந்திப்பு வந்ததாலேயே அந்த நிலம் மாறத் தொடங்குகிறது. வயலாக இருந்த இடத்தின் விலை ஏற, எரிபொருள் நிலையமும் கிடங்கும் வணிக வளாகமும் வந்து சேர்கின்றன. நிலம் மாறாது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு, கான்கிரீட் பழுதாவதற்கு வெகு முன்பே பொய்த்துவிடும்.

அது பொய்க்கும் இடம் பெரும்பாலும் பாலமன்று, இணைப்புத் தடம் ஊர்ச் சாலையைத் தொடும் முனைதான். அங்கே ஒரு சிக்னல் இருக்கிறது. அதிலிருந்து 60 மீட்டர் தள்ளி ஒரு வணிக வளாகத்தின் வாசல் என்று கொள்வோம். எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கிட்டு உள்ளே திரும்ப ஒரு கார் காத்து நிற்கிறது. இடைவெளியோடு சேர்த்து ஒரு காருக்கு 7 மீட்டர் என்றால், ஒரு தடத்தில் எட்டொன்பது கார்களிலேயே அந்த 60 மீட்டரும் நிறைந்துவிடும். அதன்பின் சிக்னல் பச்சையானாலும் நகர இடமில்லை. வரிசை இணைப்புத் தடத்தில் பின்னோக்கி வளர்கிறது. தடம் 350 மீட்டர் நீளமானால் ஐம்பது கார்கள் அதை நிரப்பும். ஐம்பத்தோராவது கார், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 28 மீட்டர் வீதம் வண்டிகள் வரும் நெடுஞ்சாலையிலேயே நிற்கிறது. எங்கோ திறந்துவிட்ட ஒரு வாசல், நெடுஞ்சாலையில் பின்புற மோதலுக்கு வழிவகுக்கிறது.

ஆகவேதான் நீண்டகாலத் திட்டத்தில் வாசல்களைக் கட்டுப்படுத்துவது முதன்மை பெறுகிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், சந்திப்பு முனையிலிருந்து 1,320 அடி, அதாவது ஏறத்தாழ 400 மீட்டர் வரை வாசல்களைத் தவிர்ப்பது இலக்காகக் கொள்ளப்படுகிறது. சந்திப்பையும் நிலப்பயன்பாட்டையும் சேர்த்தே ஆராயும் பகுதித் திட்டங்களும் அங்கே வகுக்கப்படுகின்றன. கடைகளுக்குப் பின்புறமாக ஓர் அணுகு சாலை அமைத்தால் வணிகமும் கெடாது. ஆனால் கடைகள் வந்தபின் வாசலை அடைப்பது, இழப்பீடும் வழக்குமாக இழுத்தடிக்கும் வேலை.

வளைவுகளும் நிலத்தைக் கேட்கின்றன. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்குச் சுமார் 50 மீட்டர் ஆரம் போதுமென்றால், வேகம் இரட்டிக்கும்போது ஆரம் நான்கு மடங்குக்கும் கூடுதலாகத் தேவைப்படும். 1916இல் அமெரிக்கப் பொறியாளர் ஆர்தர் ஹேல் காப்புரிமை பெற்ற, நான்கு மூலைகளிலும் வளையமாகச் சுழலும் இணைப்புத் தடங்கள் கொண்ட நான்கிதழ் வடிவச் சந்திப்பில், ஒரு வளையத்திலிருந்து நுழையும் வண்டியும் அடுத்த வளையத்துக்கு வெளியேறும் வண்டியும் ஒரே குறுகிய தூரத்தில் தடம் மாறிப் பின்னிக்கொள்கின்றன. போக்குவரத்து குறைவாக இருக்கையில் இது தெரியாது. பெருகியபின், அந்தப் பின்னலைப் பிரதான தடங்களிலிருந்து பிரித்து நடத்தப் பக்கத்தில் தனிச் சாலை போட வேண்டும், அல்லது வளையம் ஒன்றை நீக்கி மேலே பாலம் எழுப்ப வேண்டும். இரண்டுக்கும் நிலம் வேண்டும். முன்யோசனையுள்ள திட்டத்தில் அந்த நிலம் தொடக்கத்திலேயே ஒதுக்கப்பட்டிருக்கும். பாலத்தின் அடியில் இன்று இரண்டு தடங்கள் மட்டுமே சென்றாலும், மூன்றாவது தடத்துக்கும் இடம்விட்டே தூண்கள் நடப்பட்டிருக்கும்.