கட்டம் தெரிந்தால் டிஸ்ப்ளே சாகவில்லை

குறுவைக்கு நாற்று விட்டு, மோட்டார் ஓடியே ஆகவேண்டும் என்கிற நேரம் பார்த்துத்தான் இது வரும். "டிஸ்ப்ளே போயிடுச்சு, வேற மாத்திக் குடுங்க." பில்டர் பாயிண்ட், அதாவது ஆழம் குறைந்த குழாய்க் கிணறு, அதன் மோட்டாருக்கு உள்ளூரில் யாரோ செய்து கொடுத்த ஸ்டார்ட்டர் பெட்டி, உள்ளே புரோகிராம் ஓடும் சிப்பான ஒரு மைக்ரோகன்ட்ரோலர், கதவில் வரிசைக்கு 16 எழுத்தாக 2 வரிசை காட்டும் டிஸ்ப்ளே. பழையதைப் பிடுங்கிப் புதியதை வைத்தாயிற்று, அதிலும் அதே கருப்புக் கட்டம். உடனே அதுவும் பழுதாம். மூன்றாவதும் பழுதாம். கடைக்காரர் டூப்ளிகேட்டைத் தள்ளிவிட்டாராம்.

மேல் வரிசையில் 16 கருப்புக் கட்டம், கீழ் வரிசை வெறுமை. இது டிஸ்ப்ளே பழுதின் அடையாளம் அல்ல. அல்லவே அல்ல. 5 வோல்ட் வந்திருக்கிறது, கான்ட்ராஸ்ட் சரியாக இருக்கிறது, கண்ணாடி நன்றாக இருக்கிறது என்பதற்கான அடையாளம். இந்த வகை டிஸ்ப்ளேயில் இருக்கும் எச்டி44780 சிப், அல்லது அதைப் பார்த்துச் செய்த சிப், கரண்ட் வந்ததும் 8-பிட், ஒற்றை வரி என்ற நிலையில் போய் நிற்கும். அடுத்த உத்தரவு வரும்வரை அங்கேயே நிற்கும். உங்கள் புரோகிராம் பேசவில்லை, அது காத்திருக்கிறது, அவ்வளவுதான். பேசாதவனை விட்டுவிட்டுக் காத்திருப்பவனை ஏன் மாற்றுகிறீர்கள்?

ரீசெட் பட்டனை அழுத்திப் பாருங்கள். அழுத்தினால் எழுத்து வருகிறது, கரண்ட் போய் வந்தால் மட்டும் கட்டம் என்றால், புரோகிராம் அவசரப்படுகிறது. சப்ளை ஏறிய பிறகு குறைந்தது 40 மில்லிசெகண்ட் காத்திருக்க வேண்டும். மலிவு சப்ளை மெதுவாக ஏறும் என்பதால் நான் 100 வைப்பேன். நாலு டேட்டா கம்பி மட்டும் வைத்து ஒவ்வொரு உத்தரவையும் இரண்டு பாதியாக அனுப்பும் 4-பிட் இணைப்பில் அதன் பிறகு 3 என்று அனுப்பி 5 மில்லிசெகண்ட், மறுபடி 3 அனுப்பி 100 மைக்ரோசெகண்டுக்கு மேல், மூன்றாம் முறை 3, அப்புறம்தான் 2. அடுத்து ஹெக்ஸில், அதாவது 16 அடிமான எண்ணில், 28, 08, 01, 06, 0சி. இதில் 01 திரையைத் துடைக்கும் உத்தரவு, அதற்கு மட்டும் 2 மில்லிசெகண்ட் கொடுங்கள். ஒரே 3 எதற்கு மூன்று தடவை என்று வெட்டிவிடும் தம்பிகள் உண்டு. மும்முனை கரண்ட் ஒரு நொடி தொய்ந்து எழும்போது மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆகும், டிஸ்ப்ளே பாதி எழுத்தோடு அப்படியே நிற்கும். அதை வழிக்குக் கொண்டுவரத்தான் மூன்று தடவை.

ரீசெட்டுக்கும் அசையாவிட்டால் 6ஆம் பின்னின் கம்பியை, அதாவது 'இப்போது படி' என்று டிஸ்ப்ளேக்குச் சொல்லும் எனேபிள் கம்பியை, பாருங்கள். 5ஆம் பின், அதாவது படிப்பதா எழுதுவதா என்று சொல்லும் ஆர்/டபிள்யூ, கிரவுண்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தரத்தில் விட்டால் ஒருநாள் ஓடும், ஒருநாள் ஓடாது.

விளக்கு எரிகிறது, ஒன்றும் தெரியவில்லை என்பது வேறு கதை. விளக்கு 15, 16ஆம் பின்களில் தனியாக எரிகிற எல்இடி. அது எரிவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கான்ட்ராஸ்டுக்கான 3ஆம் பின்னில் 10 கே பிரீசெட், அதாவது திருகி மாற்றும் ரெசிஸ்டர், வைத்து, கிரவுண்டிலிருந்து அரை வோல்ட் முதல் ஒரு வோல்ட் வரை திருகிப் பாருங்கள். தகரக் கொட்டகைக்குள் மே மாத நண்பகலில் எழுத்து கருத்துப்போகும், மார்கழி விடியலில் வெளிறும். அதனால் பிரீசெட்டைப் பெட்டியின் அடியில் புதைக்காமல் ஸ்குரூடிரைவர் எட்டும் இடத்தில் வையுங்கள்.

மோட்டார் போட்டதும் திரையில் புரியாத எழுத்து கொட்டுவதற்குக் காரணம் கான்டாக்டர், அதாவது மோட்டாருக்குக் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் காந்த சுவிட்ச். அது இழுக்கும்போது, விடும்போது எழும் பொறியை எனேபிள் கம்பி ஒரு உத்தரவாக எடுத்துக்கொள்கிறது. 4-பிட்டில் ஒரு பாதி தவறினால் அதற்குப் பின் வருவது எல்லாமே தவறு. கான்டாக்டரை இயக்கும் சின்ன சுவிட்சான ரிலேயின் காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு. கான்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே 100 ஓமும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கெப்பாசிட்டரும் சேர்ந்த ஸ்னப்பர், பொறியை அடக்க. டிஸ்ப்ளேயின் சப்ளை பின்களான 1, 2க்கு நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். டிஸ்ப்ளேக்குப் போகும் கம்பி ஒரு சாணுக்குள் இருக்கட்டும், பவர் ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். இவ்வளவும் செய்த பிறகும், ரிலே மாறி ஒரு நொடி கழித்து டிஸ்ப்ளேயை முதலிலிருந்து துவக்கும் வரிகளை மறுபடி ஓட்டுங்கள். ஆர்டுயினோ போர்டு என்றால் டிஸ்ப்ளே லைப்ரரியின் பிகின் (begin) உத்தரவை ஒருதரம் கூப்பிட்டால் போதும்.

இன்னொன்று, சிரிப்பதா அழுவதா தெரியாத வகை. 415 என்று எழுதிய இடத்திலேயே 98 என்று எழுதினால் திரையில் நிற்பது 985. பழைய 5ஐ யாரும் அழிக்கவில்லை. ஒரு முனை போய் வோல்டேஜ் விழுந்திருக்கும். ஆனால் ஆள் கரண்ட் ஆபீஸில் போய் 985 வோல்ட் விடுகிறீர்களே என்று நிற்பார். எண்ணை எப்போதும் மூன்று இடத்துக்கு இடைவெளி சேர்த்து எழுதுங்கள். அதற்காகச் சுற்றுக்குச் சுற்று திரையைத் துடைத்தால் எழுத்து மினுக்கும்.

இனி, கோபமில்லாமல் கெஞ்சிக் கேட்பது. 'மோட்டார் ஆஃப்' என்று திரை சொல்வதை நம்பி யாரும் ஒயரில் கை வைக்காதீர்கள். புரோகிராம் உறைந்துபோனாலும் 5 வோல்ட் இருக்கும்வரை கடைசியாக எழுதியது திரையில் அப்படியே நிற்கும். கான்டாக்டரின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டாலும் புரோகிராமுக்குத் தெரியாது. தான் ஆஃப் சொன்னதைத்தான் அது எழுதும். கொட்டகைத் தரை ஈரம், கால் ஈரம். மெயினை இறக்கி, பீஸ் கட்டையை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, மூன்று முனையையும் டெஸ்டரால் தொட்டுப் பார்த்த பிறகு கை வையுங்கள்.

பெட்டி செய்கிறவர்களுக்கு: கான்டாக்டரின் துணை முனையை, ஒளி வழியாகச் சேதி கடத்தி மின்சாரத்தைப் பிரித்து வைக்கும் ஆப்டோகப்ளர் வழியாக வாங்கி, அது சொல்வதைத் திரையில் காட்டுங்கள். கீழ் வரிசைக் கடைசிக் கட்டத்தில், ஹெக்ஸ் சிஎஃப், நொடிக்கொரு முறை ஒரு நட்சத்திரம் மின்னட்டும். மின்னுவது நின்றால் புரோகிராம் நின்றது என்று சின்னப் பிள்ளைக்கும் சொல்லிவைக்கலாம்.

முதுகில் ஐ2சி போர்டு, அதாவது இரண்டே சிக்னல் கம்பியில் பேசவைக்கும் சின்ன போர்டு, ஒட்டிய டிஸ்ப்ளே என்றால் முகவரி பெரும்பாலும் ஹெக்ஸ் 27 அல்லது 3எஃப். பிசிஎஃப்8574 சிப்புக்கு 27, கடைசியில் 'ஏ' போட்டதற்கு 3எஃப். தவறான முகவரிக்கும் அதே கருப்புக் கட்டம்தான் வரும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காற்றில் செருகும் பின்கள் பச்சை பூக்கும். அங்கே செருகாதீர்கள், நேரடியாக ஈயம் வையுங்கள்.

பழுது என்று கொண்டுவந்தால் டிஸ்ப்ளேயை மட்டும் கேரி பையில் போட்டுக் கொண்டுவராதீர்கள். போர்டோடு, சப்ளையோடு கொண்டுவாருங்கள். புரோகிராம் எழுதிய தம்பியின் போன் நம்பரும் இருந்தால் இன்னும் நல்லது.