மூச்சுத்திணறலுக்கு மார்ஃபின்: கொரோனா வார்டில் பாலியேட்டிவ் கேர்

தீராத நோயில் வலியையும் தவிப்பையும் தணிக்கும் பாலியேட்டிவ் கேர் பொதுவாக நிதானமான வேலை. நோயாளியைப் பலமுறை பார்க்கலாம், மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம், குடும்பத்தோடு உட்கார்ந்து பேசலாம். 2020-இல் கொரோனாவின் முதல் அலையில் அந்த நிதானத்துக்கே இடமில்லாமல் போயிற்று. லண்டனில் இந்தப் பிரிவுக்கு அனுப்பப்பட்ட 101 கொரோனா நோயாளிகளின் விவரங்களை மருத்துவர்கள் தொகுத்தபோது, 75 பேர் இறந்திருந்தார்கள். பாலியேட்டிவ் குழுவின் கவனிப்பில் பாதிப் பேர் இருந்தது வெறும் 2 நாளோ அதற்கும் குறைவோதான்.

67 பேருக்கு மூச்சுத்திணறல். இது நுரையீரலோடு முடிகிற விஷயம் அல்ல. இன்னும் காற்றை இழு என்று மூளை ஓயாமல் கட்டளையிடுகிறது. முடியவில்லை என்று நெஞ்சிலிருந்து தகவல் திரும்புகிறது. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் உள்ள இந்த இடைவெளிதான் தவிப்பாகிறது. கடுமையான வலிக்குக் கொடுக்கும் மருந்தான மார்ஃபின் நுரையீரலைச் சரிசெய்யாது. மார்ஃபின் வகை மருந்துகள் பொருந்துகிற, மூளையிலுள்ள ஓபியாய்டு ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு தவிப்பை மட்டுப்படுத்துகிறது. மார்ஃபின் என்றாலே ஆளை முடிக்கிற ஊசி என்று நம் ஊரிலும் பயம் உண்டு. லண்டனில் தொடர்ந்து ஏற்றப்பட்ட அதிகபட்ச அளவோ, பாதிப் பேருக்கு 24 மணி நேரத்துக்கு 10 மில்லிகிராமைத் தாண்டவில்லை.

மருந்தே இல்லாத ஓர் எளிய வழியும் உண்டு: முகத்துக்கு நேரே சின்ன மின்விசிறி. முகத்தில் படும் குளிர்ந்த காற்று, முகத்தின் தொடு உணர்வைக் கடத்தும் நரம்பு வழியே மூளையை ஓரளவு சமாதானப்படுத்தும். ஆனால் கிருமியைப் பரப்பிவிடும் என்பதால், பிரிட்டனின் கொரோனா வழிகாட்டுதல் அதையே வேண்டாம் என்றது. இருப்பதிலேயே மலிவான உதவி இப்படிப் போனது எனக்கு இன்னும் உறுத்தல்தான்.

வாயால் விழுங்க முடியாதவர்களுக்கு சிரிஞ்சு பம்ப். பேட்டரியில் ஓடும் சின்னக் கருவி அது. தோலுக்கடியில் செருகிய மெல்லிய ஊசிக்குழாய் வழியே ஒரு நாள் மருந்தைச் சொட்டுச் சொட்டாகத் தள்ளும். அங்கிருந்து நுண்ணிய ரத்தக்குழாய்கள் உறிஞ்சிக்கொள்ளும். ரத்தக்குழாய் தேடிக் குத்த வேண்டாம், கவச உடையோடு அடிக்கடி உள்ளே போகவும் வேண்டாம். சிக்கல் என்னவென்றால், ரத்தத்தில் மருந்து போதிய அளவை எட்டச் சில மணி நேரம் பிடிக்கும். இரண்டே நாள் இருக்கிறவருக்கு அது பெரிய தாமதம். அதனால் பம்பை மாட்டும்போதே ஓர் ஊசியும் போட வேண்டியிருந்தது. இதோடு பதற்றத்தைக் குறைக்கும் மிடசோலமும் தேவை. வென்டிலேட்டரில் இருப்பவர்களைத் தூங்கவைக்கவும் அதே மருந்துதான் என்பதால் அதற்குப் போட்டி வேறு.

லண்டனில் பம்ப் எழுதிக் கொடுக்கப்பட்ட 58 பேரில் 40 பேருக்கு ஓரளவாவது பலன் தெரிந்தது. 13 பேர், பலனை மறுபடி பார்ப்பதற்குள் இறந்துவிட்டார்கள். நிபுணர் வரட்டும் என்று காத்திருக்க முடியாது என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அதனால்தான் தேவைப்பட்டால் கொடுக்க வேண்டிய மருந்தும் அளவும் முன்கூட்டியே நோயாளியின் சார்ட்டில் எழுதப்பட்டன. நள்ளிரவில் மூச்சு இரைத்தால், வார்டு நர்ஸே டாக்டருக்குக் காத்திருக்காமல் ஊசி போடலாம்.